ஏழு தட்டு வந்தும் சாப்பாடு வரவில்லை

பாரிஸில் கொஞ்சம் விலை கூடிய 'சின்னத் தட்டு' உணவகம் எதில் போய் உட்கார்ந்தாலும், பரிமாறுபவர் முதலில் ஒரு சிற்றுரை ஆற்றுவார். எல்லாமே பகிர்ந்து சாப்பிடுகிற தட்டுகள், தலைக்கு மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், தயாராகத் தயாராக வந்துகொண்டே இருக்கும். அந்தக் கடைசிப் பகுதியை பிரெஞ்சில் 'ஓ ஃப்யூர் எ அ மெஸ்யூர்' என்பார்கள். கேட்க இதமாகத்தான் இருக்கும். ஆனால் இரவு பதினொரு மணிக்கு இருவருக்கு 180 யூரோ கட்டிவிட்டு, வயிறும் நிறையாமல் நாக்கும் நிறையாமல் மெத்ரோவுக்கு நடக்கிறவர்களின் கதை பெரும்பாலும் அந்த ஐந்து சொல்லில்தான் தொடங்குகிறது.

வெளியே வந்ததும் எல்லாரும் சொல்லும் குறை ஒன்றுதான்: அளவு போதவில்லை, யானைப் பசிக்குச் சோளப்பொரி. உண்மைதான், கணக்கைப் பின்னால் பார்க்கலாம். ஆனால் அளவு இரண்டாவது குற்றவாளி. முதல் குற்றவாளி கடிகாரம். பிரெஞ்சுச் சமையலில் பாதிக்கு மேல் சூட்டையும் நேரத்தையும் நம்பி நிற்பது. அதன் சாஸ்கள் சரியான பதத்தில் சில நிமிடங்கள்தான் உயிரோடு இருக்கும். 'ஆனபோது வரும்' என்கிற ஏற்பாட்டில் அந்த நிமிடங்களுக்கு யாரும் பொறுப்பில்லை.

இந்தச் சண்டை பழையது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பிரெஞ்சுப் பெருவீடுகளில் ஒரு சுற்றுக்கான பதார்த்தங்கள் அத்தனையையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பிவிடுவார்கள். அதற்குப் பெயரே 'பிரெஞ்சுப் பரிமாறல்'. பார்க்க அழகு, வாயில் வைத்தால் ஆறிப்போன கறி. ஒன்றை முடித்து அடுத்ததைக் கொண்டுவரும் 'ரஷ்யப் பரிமாறல்', 1810 வாக்கில் பாரிஸை ஒட்டிய கிளிஷியில் ரஷ்யத் தூதர் இளவரசர் குராகினின் விருந்துகள் வழியாக வந்தது என்று வழக்கமாகச் சொல்வார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அது முழுசாக வென்றுவிட்டது. காரணம் பெரிய தத்துவம் எதுவும் இல்லை, சாப்பாடு சூடாக வந்தது, அவ்வளவுதான். இன்று சின்னத் தட்டு என்று புதுமையாக விற்கப்படுவது, யோசித்துப் பார்த்தால், தோற்றுப்போன அந்தப் பழைய முறைக்கே பாதி வழி திரும்பிப் போவதுதான்.

சின்னத் தட்டைப் பழுதில்லாமல் செய்து காட்டியவர்களும் உண்டு. 2003இல் புகழ்பெற்ற பிரெஞ்சுச் சமையல்காரர் ஜோயல் ரொபுஷோன் பாரிஸின் ஏழாம் வட்டாரத்தில் 'லத்தெலியே' உணவகத்தைத் திறந்தபோது, சுஷிக் கடையையும் சிறுசிறு தட்டில் பண்டம் வைக்கும் ஸ்பானியத் தப்பாஸ் கடையையும் மனதில் வைத்துக்கொண்டு, திறந்த சமையலறையைச் சுற்றி நீண்ட கவுன்டர் போட்டு உட்காரவைத்தார். பாதி அளவுத் தட்டுகள் அங்கே எடுபட்டதற்குக் காரணம் அந்தக் கவுன்டர். சட்டியிலிருந்து வாய்க்கு உள்ள தூரம் இரண்டு மீட்டர். சமைப்பவர் நீங்கள் முந்தின தட்டை முடித்துவிட்டீர்களா என்று தலையை நிமிர்த்திப் பார்த்தாலே தெரியும். 2010இல் பதினோராம் வட்டாரத்தில் திறந்த 'லு தோஃபேன்' போன்ற இடங்களுக்குப் பிறகு சின்னத் தட்டு நகரம் முழுக்கப் பரவியது. பின்னால் வந்த பலர் தட்டை எடுத்துக்கொண்டார்கள், கவுன்டரை விட்டுவிட்டார்கள். மாடிப்படி ஏறி, கதவைத் தள்ளி, அறுபது பேர் உட்கார்ந்த கூடத்தைத் தாண்டி 60 கிராம் மீன் சூடாக வந்து சேராது.

சமையலறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மீதியும் புரியும். மரபான முறையில் ஆர்டர் சீட்டில் 'இரண்டு முதல் உணவு, தொடர்ச்சியாக இரண்டு முதன்மை உணவு' என்று இருக்கும். முதல் உணவின் தட்டு காலியானதும் பரிமாறுபவர் உள்ளே போய் அடுத்ததை 'ரெக்லாமே' செய்வார், அதாவது கேட்டு வாங்குவார். அந்தக் குரல் கேட்டபிறகுதான் மீன் சட்டியில் விழும். சின்னத் தட்டு வீட்டில் அந்தக் குரலே கிடையாது. ஏழு வரிச் சீட்டு ஒன்று ஒரே நேரத்தில் குளிர்ப்பகுதி, அடுப்புப்பகுதி, பொரிக்கும் பகுதி என்று மூன்று இடத்திலும் ஒட்டப்படும். யாருக்கு எப்போது கை ஓய்கிறதோ அப்போது செய்து தள்ளுவார்கள். குளிர்ப்பகுதிக்கு எப்போதும் முதலில் கை ஓயும். அதனால்தான் உட்கார்ந்த எட்டாவது நிமிடத்தில் மூன்று குளிர்ந்த தட்டு சேர்ந்து வரும், பிறகு அரைமணி நேரம் எதுவும் வராது, அதற்குப் பிறகு சூடானவற்றில் மூன்று ஒரே கையில் வந்து இறங்கும். பாரிஸின் இருவர் மேசை இரண்டு முழங்கை ஊன்றினால் நிறைந்துவிடும். ரொட்டிக்கூடையைத் தரையில் வைக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மூன்றில் இரண்டு ஆறிவிடும். பரிமாறுபவர் சொன்னது ஒரு விதத்தில் நேர்மையானதுதான். தயாரானபோது வரும். யாருக்குத் தயாரானபோது என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

தட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதைய மோகம் கையால் வனைந்து சுட்ட கனமான களிமண் (ஸ்டோன்வேர்) தட்டு, சாம்பல் நிறம், ஓரம் கோணல். 800 கிராம் எடையுள்ள அப்படி ஒரு தட்டின் வெப்பக் கொள்ளளவு, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் 60 கிராம் மீனினுடையதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. தட்டைச் சூடேற்றாமல் மீனை வைத்தால், நீங்கள் தின்பதற்கு முன்பே தட்டு அதைத் தின்றுவிடும். 160 கிராம் துண்டுக்கு உள்ளே கொஞ்சம் சூடு சேமிப்பில் இருக்கும், சின்னத் துண்டுக்கு அது இல்லை. தட்டுகளை 60 டிகிரி வாக்கில் வைத்திருக்கும் சூட்டலமாரி இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் சின்னத் தட்டு வீட்டில் ஒருவருக்கு மூன்று நான்கு தட்டு புழங்கும். பாதி குளிர் உணவுக்கு, பாதி சூட்டு உணவுக்கு. அத்தனையையும் அடுக்க இடம் ஏது? எல்லாம் திறந்த அலமாரியில் அறைவெப்பத்தில் இருக்கும். முதல் சூட்டுத் தட்டு வந்ததும் அதன் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் அன்றைக்கு இனி சாஸ் உள்ள எதையும் கேட்காதீர்கள்.

சாஸ் என்றதும் பெர் ப்லானை எடுத்துக்கொள்வோம். நாந்த் பக்கத்து வெண்ணெய்ச் சாஸ் அது. பொடியாக நறுக்கிய ஷலாட் வெங்காயம் 50 கிராம், 100 மில்லி வெள்ளை ஒயின், 50 மில்லி வெள்ளை ஒயின் வினிகர். மூன்றையும் இரண்டு மேசைக்கரண்டியாகச் சுண்டவிட வேண்டும். பிறகு சின்னக் கட்டிகளாக வெட்டிய குளிர்ந்த வெண்ணெய் 200 கிராமை ஒவ்வொன்றாகப் போட்டு, கொதிக்கவிடாமல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முட்டை இல்லை, மாவு இல்லை. வெண்ணெயில் ஏற்கெனவே இருக்கும் நீரும் புரதமும்தான் கொழுப்பைப் பிடித்து வைத்திருக்கின்றன. அதனால் அதன் ஆயுள் ஒரு குறுகிய வெப்ப இடைவெளிக்குள் மட்டும்: 58 டிகிரியைத் தாண்டினால் கொழுப்பு பிரிந்து மஞ்சள் எண்ணெயாக மிதக்கும், 30க்குக் கீழே போனால் வெண்ணெய் உறைந்து மேலே மெழுகு பூத்ததுபோல் ஆகும். முழு அளவுத் தட்டில் 60, 70 மில்லி சாஸ் சூடான மீனை ஒட்டிக் குளம்போல் நிற்கும், சூட்டைக் கொஞ்ச நேரம் தாங்கும். சின்னத் தட்டில் இரண்டு கரண்டி சாஸ் குளிர்ந்த களிமண்மேல் மெல்லிசாகப் பரவினால், பேச்சை முடித்து முள்கரண்டியை எடுப்பதற்குள் உறைந்துவிடும். இதைத் தெரிந்தே சில இடங்களில் கிரீம் சேர்ப்பார்கள். அது பிரியாது, உறையவும் நேரமாகும், ஆனால் அந்தக் கூரிய புளிப்பு மழுங்கிவிடும். வேறு சில இடங்களில் அழுத்தக் குப்பியில் ஊற்றி நுரையாகப் பீய்ச்சுவார்கள். நுரை பார்க்க நிறைய, ருசிக்கக் கொஞ்சம். மெனுவில் 'பெர் ப்லான் நுரை' என்று கண்டால் அங்கே சாஸுக்கு ஆள் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, எல்லா மெனுவிலும் இருக்கும் சான் ஜாக் சிப்பி, ஆங்கிலத்தில் ஸ்காலப். பிரான்ஸில் இதைப் பிடிக்க அக்டோபர் 1 முதல் மே 15 வரைதான் அனுமதி. ஜூலை மாதத்தில் தட்டில் வந்தால் அது உறையவைத்தது அல்லது வேறு கடலிலிருந்து வந்தது. அதில் தவறில்லை, ஆனால் புதிய சரக்கின் விலையைக் கேட்கக்கூடாது. உறைந்த சிப்பியைச் சரியாக இளக்கவில்லையென்றாலோ, எடை கூடுவதற்காகப் பாஸ்பேட் நீரில் ஊறவைத்த சரக்காக இருந்தாலோ, சட்டியில் போட்டதும் நீர் கக்கும். நீர் இருக்கும்வரை சட்டியின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது, நிறம் பிடிப்பதற்கு அதைவிட நிறையச் சூடு வேண்டும். ஆகவே சிப்பி வறுபடாது, வேகும். நல்ல முறை எளிது. துணியால் ஒற்றி எடுத்து, கடைசி நொடியில் உப்பிட்டு, புகையத் தொடங்கும் சட்டியில் ஒருபக்கம் ஒன்றரை நிமிடம், திருப்பிப்போட்டு அரை நிமிடம், ஒரு கட்டி வெண்ணெய், எடுத்துவிட வேண்டும். நெரிசல் நேரத்தில் எட்டுச் சீட்டுக்குத் தலா மூன்று என்று 24 சிப்பியை ஒரே சட்டியில் கொட்டினால் நல்ல சரக்கும் கெட்ட சரக்கு மாதிரி நடந்துகொள்ளும். அடியில் வெளிறி, பக்கவாட்டில் ரப்பர்போல் இறுகியிருந்தால் நடந்தது இதுதான்.

அந்த 'தலா மூன்று' தனி வியாதி. இருவர் மேசைக்கு மூன்று, நால்வர் மேசைக்கும் மூன்று. தட்டில் ஒற்றை எண் அழகாக இருக்கும் என்பது சமையல் பள்ளிகளில் சொல்லித்தரும் விதி. தனியொருவர் சாப்பிடும் தட்டுக்கு அது பொருந்தும். பகிர்ந்து சாப்பிடச் சொல்லிவிட்டு மூன்று துண்டு வைப்பது, கூட்டாளிகளுக்குள் சண்டை மூட்டிவிடுவது. ஆர்டர் கொடுக்கும்போதே எத்தனை துண்டு என்று கேளுங்கள். ஒரு துண்டு கூட்டித் தர முடியுமா என்றும் கேட்கலாம். க்ரோக்கெத் (பொரித்த உருண்டை), கூஜேர் (சீஸ் பன்), ராவியோல் (உள்ளே பூரணம் வைத்த பாஸ்தா) போல எண்ணிக்கையில் வருபவற்றுக்குப் பல இடங்களில் கூடுதல் துண்டுக்கான காசை மட்டும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள்.

பகிர்வதில் இன்னொரு இழப்பு உண்டு, அதை யாரும் கவனிப்பதில்லை. பிரெஞ்சுத் தட்டு என்பது ஒரு கட்டுமானம். கீழே மசியல், மேலே கறி, சுற்றி சாறு, உச்சியில் மொறுமொறுப்பு. ஒரு வாயில் நான்கும் சேர்ந்து போனால்தான் உப்பும் புளிப்பும் சரியாக இருக்கும்படி அளந்திருப்பார்கள். நான்கு முள்கரண்டி நான்கு பக்கத்திலிருந்து குடைந்தால், முதல் ஆளுக்குக் கட்டுமானம், கடைசி ஆளுக்கு இடிபாடு. அரைவேக்காட்டு முட்டை வைத்த தட்டில் இது இன்னும் மோசம், மஞ்சள்கரு ஒருவர் தட்டுக்குத்தான் போகும். தப்பாஸிலும் ஜப்பானிய மதுக்கடையான இஸகாயாவிலும் இந்தச் சிக்கல் ஏன் இல்லை? அங்கே பெரும்பாலான பண்டம் தனித்தனித் துண்டு, சாறில்லாதது, அறைவெப்பத்திலோ பொரித்த சூட்டிலோ தின்னத் தோதானது. அந்த முறையை அந்தச் சாப்பாட்டோடு சேர்த்து எடுத்திருக்க வேண்டும்.

மசியலையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இங்கே ஏமாற்று எளிது. ரொபுஷோனின் புகழ்பெற்ற உருளைக்கிழங்கு மசியலுக்கு அச்சில் வந்த அளவு: ராத் வகைக் கிழங்கு 1 கிலோ, வெண்ணெய் 250 கிராம், பால் 250 மில்லி. தோலோடு வேகவைத்து, சூட்டிலேயே உரித்து, கைச்சுற்று மசிப்பானில் அரைத்து, அடுப்பில் கிளறி ஈரத்தை ஓட்டி, குளிர்ந்த வெண்ணெய், பிறகு சூடான பால். மிக்ஸியில் அடித்தால் மாவுச்சத்து உடைந்து பசையாகிவிடும். கரண்டியை உயர்த்தினால் நூல்போல் இழுத்துக்கொண்டு வரும். சீஸ் சேர்த்த ஒவெர்ஞ் பக்கத்து 'அலிகோ' இழுபடுவது இயல்பு, வெறும் மசியல் இழுபட்டால் மிக்ஸி வேலை. மாலை ஐந்துக்குச் செய்து எட்டரைக்கு மறுபடி சூடாக்கினால் ஓரத்தில் வெண்ணெய் கசிந்து பளபளக்கும். தட்டின் விளிம்பில் மஞ்சள் வளையம் தெரிகிறதா என்று பாருங்கள்.

வாத்து மார்க்கறியிலும் இதே கதை. 'மக்ரே' எனப்படும் முழு மார்த்துண்டு 350, 400 கிராம் இருக்கும். சின்னத் தட்டுக்கு அதில் நான்கைந்து வில்லை. ஒரு சீட்டுக்கு ஒரு முழு மக்ரேயைப் போட முடியாது, ஆகவே முன்கூட்டியே வறுத்து, அறுத்து, அடுத்தடுத்த சீட்டுக்குப் பங்கிடுவார்கள். வில்லையாக அறுத்த கறியிலிருந்து சாறு போய்க்கொண்டே இருக்கும். மேல்சூட்டுக்குக் கீழே காட்டி எடுத்தால் ரோஜா நிறம் சாம்பலாகிவிடும். தோலும் பதம் கெட்டு வதவதவென்றிருக்கும்.

இத்தனை சொன்னபிறகு, இந்த வடிவத்துக்குப் பொருந்தும் பிரெஞ்சு உணவே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. விலை கூடிய இடங்கள் அவற்றை மெனுவில் வைக்கக் கூச்சப்படுவதுதான் சங்கடம். அச்சில் வார்த்த கறியான டெரீன், கொழுப்பில் வேகவைத்துப் பிய்த்த கறியான ரியெத், சீவிய செலரிக் கிழங்கை மயோனேஸ் வகைச் சாஸில் பிசைந்த ரெமுலாட், காய்ந்த காட் மீனை மசித்த ப்ராந்தாட், மேலே பொன்னிறமாக வறுபட்டு வார்ப்பிரும்புச் சட்டியிலேயே வரும் கிராத்தான். முதல் மூன்றுக்கு ஆறுவதற்கு எதுவுமில்லை, பின்னிரண்டும் கால்மணி நேரம் சூட்டைப் பிடித்துவைக்கும். எந்த வேகத்தில் வந்தாலும் கெடாது. முட்டை மயோனேஸ் சாதாரணப் பண்டம் என்று நினைக்கலாம், ஆனால் அதைக் காப்பதற்கென்றே பிரான்ஸில் ஒரு சங்கம் இருக்கிறது, போட்டியும் நடத்துகிறார்கள். 1896இல் தொடங்கிய 'புயோன் ஷார்த்தியே' போன்ற மலிவுக் கூடங்களில் இன்றும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

வினிகரும் எண்ணெயும் கலந்த சாஸ் ஊற்றிய லீக் வெங்காயத்தாள், அதாவது லீக் வினெக்ரெத், ஒரு சமையலறையை எடைபோட மிகச் சரியான தட்டு. சரக்கு மலிவு, ஒளிந்துகொள்ள இடமில்லை. லீக்கைக் கட்டாகக் கட்டி, நல்ல உப்புக் கொதிநீரில் 15 முதல் 20 நிமிடம், கத்தி முனை தடையில்லாமல் இறங்கும்வரை வேகவைக்க வேண்டும். பிறகு இருபது நிமிடம் தலைகீழாக வடியவிட்டுத் துணியில் அழுத்த வேண்டும். இந்தப் படியைத்தான் எல்லாரும் தாவிவிடுவார்கள். அடுக்கடுக்கான தாளுக்குள் நிற்கும் நீர் மேசைக்கு வந்தபிறகு கசிந்து, கடுகு வினெக்ரெத்தைக் கழுநீராக்கிவிடும். இளஞ்சூட்டில் இருக்கும்போதே ஊற்ற வேண்டும், குளிர்ந்தபிறகு ஊற்றினால் வழுக்கிக்கொண்டு அடியில் நிற்கும். வினிகர் ஒன்றுக்கு எண்ணெய் மூன்று, டிஜோன் கடுகு தாராளமாக. இப்போதைய நாகரிகம் முழு லீக்கைத் தணலில் கருக்கி, மேலே ஹேஸல் பருப்புத் தூவுவது. உள்ளே வேகாமல் நாராகத் தொங்கினால், 14 யூரோவுக்கு நீங்கள் வாங்கியது கரி.

இனி கணக்கு. மரபான முறையில் ஒருவருக்கு முதல் உணவு 120 கிராம், முதன்மை உணவில் கறியோ மீனோ 160, பக்க உணவு 170, இனிப்பு 120. கூட்டினால் 570 கிராம். சின்னத் தட்டு ஒன்றில் எல்லாம் சேர்த்து 90 கிராம் வைத்தால், இருவருக்கு ஏழு தட்டு 630, தலைக்கு 315, பகிரும் இனிப்பில் 60. மொத்தம் 375. மூன்றில் ஒரு பங்கு குறைவு. பில் எப்படி இருக்கும்? தட்டு சராசரி 17 யூரோ என்றால் ஏழுக்கு 119, ஒயின் நான்கு கிளாஸ் ஒன்பது யூரோ வீதம் 36, இனிப்பு இரண்டு 24. மொத்தம் 179. தட்டு விலை கண்ணை உறுத்தாது என்பதுதான் இந்த வடிவத்தின் சாமர்த்தியம். டார்ட்டார், அதாவது பொடியாக நறுக்கிய பச்சை மாட்டிறைச்சி, முழுத்தட்டு 180 கிராம் 22 யூரோ என்றால் 100 கிராமுக்கு 12 யூரோ சொச்சம். அதே டார்ட்டார் சின்னத் தட்டில் 70 கிராம் 16 யூரோ என்றால் 100 கிராமுக்கு ஏறக்குறைய 23. மெனுவை எடை போட்டுப் படித்தால் சிரிப்பு வரும்.

நியாயமாகச் சொன்னால் இதில் எல்லாமே பேராசையில்லை. சின்னத் தட்டுக்கும் பெரிய தட்டுக்கும் கழுவுகிற வேலை ஒன்று, அலங்கரிக்கும் நேரம் ஒன்று, தூக்கி நடக்கும் கால் ஒன்று. பாரிஸ் சமையலறைகளில் பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து அடுப்புவரை எவ்வளவு ஈழத்தமிழர் நிற்கிறார்கள் என்பது பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷாப்பெல் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ஒருவருக்கு மூன்று தட்டு என்பது தொட்டியடியில் நிற்பவருக்கு என்ன கணக்கு என்று அவர்களைக் கேட்டால் வேறு மாதிரி விமர்சனம் கிடைக்கும்.

ரொட்டி பேச்சு வந்தே தீரும், ஏனென்றால் குறைகிற 200 கிராமை நிரப்புவது அதுதான். பிரான்ஸில் சாப்பாட்டோடு ரொட்டியும் குழாய்த்தண்ணீர் ஜாடியும் சும்மா வருவது வழக்கம். ஜாடித் தண்ணீருக்குச் சட்டமே இருக்கிறது, 'கராஃப் தோ' என்று கேட்டால் போதும், பாட்டில் தண்ணீருக்குத் தலையாட்ட வேண்டாம். புதுமோகக் கடைகளில் 'புளித்தமாவு ரொட்டி, உப்பு வெண்ணெய்' என்று தனி வரிபோட்டு ஐந்தாறு யூரோ எழுதியிருப்பார்கள். ரொட்டி உண்மையிலேயே நன்றாக இருந்தால் கொடுக்கலாம். 1993இன் ஆணைப்படி 'பாரம்பரிய பிரெஞ்சு ரொட்டி' என்று விற்க, மாவு எந்தக் கட்டத்திலும் உறையவைத்ததாக இருக்கக்கூடாது, செயற்கைச் சேர்க்கைப் பொருள்களும் (additives) கூடாது. அந்த வகை நீள ரொட்டியான பகெத்துக்கான பாரிஸ் நகரப் பரிசை 2023இல் வென்றவர் ஈழத்தமிழரான தர்ஷன் செல்வராஜா. அந்தத் தரத்தில் ஒரு முழு பகெத் தெருமுனையில் என்ன விலை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த ஐந்து யூரோ வரியைப் படியுங்கள்.

மெனுவில் பானைமேல் கூரை வரைந்த சின்ன முத்திரை தென்பட்டால் அது 'ஃபே மேஸோன்', 2014இலிருந்து நடப்பில் உள்ளது. அங்கேயே, பச்சைப் பொருளிலிருந்து சமைத்தது என்று பொருள். ஆனால் உறையவைத்த பச்சைப் பொருளுக்கு அதில் இடமுண்டு. ரொட்டி, சீஸ், பதப்படுத்திய பன்றிக்கறி வகைகள் போன்றவற்றை வெளியில் வாங்கிச் சேர்க்கவும் விதிவிலக்கு உண்டு. ஆகவே அது நேர்மைக்குச் சான்று, புத்தம்புதுச் சரக்குக்கு அல்ல. விலைப்பட்டியல் வாசலில் தொங்க வேண்டும் என்பதும் சட்டம். உள்ளே போகுமுன் நின்று படிக்கலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். 12 தட்டுள்ள மெனுவில் சாஸோடு கூடிய சூட்டுத் தட்டு ஐந்துக்கு மேல் இருந்தால், உள்ளே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கண்ணாடி வழியாக எண்ணிவிட்டு முடிவெடுங்கள்.

ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டீர்களா? இரவைக் காப்பாற்ற ஒரே வழி, ஆர்டரை ஒரேயடியாகக் கொடுக்காமலிருப்பது. முதலில் குளிர்ந்தவை இரண்டு மட்டும். மெனு அட்டையைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். 'ஓன் கொமாந்தரா லா சுயித் அப்ரே', மீதியைப் பிறகு சொல்கிறோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னால் போதும். மூன்றாவது வாய் சாப்பிடும்போது சூட்டுத் தட்டு ஒன்று கேளுங்கள், அது மேசைக்கு வந்ததும் அடுத்தது. சீட்டில் ஒற்றை வரி இருந்தால் அது வேறெதற்காகவும் காத்திருக்காது. நீங்களே அந்த 'ரெக்லாமே' சொல்லும் ஆளாகிவிடுகிறீர்கள். சில இடங்களில் எல்லாவற்றையும் இப்போதே சொல்லுங்கள் என்று வற்புறுத்துவார்கள். அப்போது வரிசையைச் சொல்லி எழுதவையுங்கள். சாஸுக்கென்று ஆளுக்கொரு கரண்டி கேட்டு வாங்குங்கள். ஆறி வந்த தட்டை உடனே, ஒரு வாய் மட்டும் எடுத்த நிலையில் திருப்பி அனுப்பலாம். பாதி தின்றுவிட்டுச் சொன்னால் யாரும் மதிக்கமாட்டார்கள். ஒயின் மூன்று கிளாஸுக்கு மேல் போகும் என்று தெரிந்தால் பாட்டில் விலையைப் பாருங்கள். 12.5 சென்டிலிட்டர் கிளாஸ் ஒரு பாட்டிலுக்கு ஆறு. ஒன்பது யூரோ வீதம் 54, அதே பாட்டில் பட்டியலில் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே இருக்கும். பில்லில் பரிமாறல் கட்டணம் ஏற்கெனவே அடக்கம், மேலே எதுவும் வைக்கவேண்டிய கட்டாயமில்லை.

மேசை முன்பதிவில் ஏழு மணி, ஒன்பதரை என்று இரண்டு பந்தி வைத்திருந்தால் ஏழு மணிப் பந்தியை எடுங்கள். ஒன்பதேகாலுக்குக் கிளம்பச் சொல்வார்கள், சொல்லட்டும். முதல் முக்கால் மணி நேரம் அடுப்பு உங்களுக்கு மட்டும்தான் வேலை செய்யும். இன்னும் நல்ல வழி, அதே கடை வாரநாள் மதியம் திறக்கிறதா என்று பார்ப்பது. திறந்தால் பல இடங்களில் இரண்டு அல்லது மூன்று பதார்த்தத்தோடு ஒரு 'ஃபோர்முல்', அதாவது ஒரே விலைக்கான சாப்பாட்டுத் தொகுப்பு, இருக்கும். அதே சமையல்காரர், அதே சரக்கு, இரவுக் கணக்கில் பாதிகூட ஆகாது. இரவில் 60 கிராமாக வந்த மீன் மதியத்தில் முழுத் துண்டாக, தனித் தட்டில், முதல் உணவுத் தட்டை எடுத்தபிறகு வரும். உட்கார்ந்ததும் பரிமாறுபவர் எந்த உரையும் ஆற்றமாட்டார்.